பூ வேண்டாம் என்ற பிறகு

அம்மை கண்ட வீடுகளில் மக்கள் எப்போது மருத்துவமனைக்குப் போகிறார்கள், எப்போது போவதில்லை என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சிதம்பரத்தில் தங்கிக்கொண்டு காலையில் பஸ் பிடித்துக் கடலூருக்கு வருவேன். அந்தப் பங்குனியில் மஞ்சக்குப்பத்தை ஒட்டிய ஒரு தெருவில் சில வீடுகளின் வாசலில் வேப்பிலை தொங்கியது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக்கூடாது. நானும் வாசலில் நின்றே பேசிவிட்டு வருவேன்.

அதில் ஒரு வீட்டில் கர்ப்பமாக இருந்த மருமகளுக்கு அம்மை. அவள் கணவன் ஓசூரில் வேலை பார்த்தான். மாமியார் தையல் கடை வைத்திருந்தவர். அம்மை கண்டதிலிருந்து கடையைத் திறக்கவில்லை. முதல் முறை போனபோது, வீட்டில் தாளிப்பதில்லை, அவளுக்கு இளநீரும் மோரும்தான் என்று சலிக்காமல் சொன்னார்.

மறுபடி போனபோது உள்ளேயிருந்து விடாத இருமல். இடையிடையே அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. எப்போதிலிருந்து இப்படி என்றேன். நேற்று சாயங்காலத்திலிருந்து என்றார். கர்ப்பிணிக்கு அம்மை நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"ஆத்தா வந்திருக்குற வூட்ல இப்படிப் பேசாதம்மா. வந்தவ தானா எறங்கிப் போவா. நடுவுல இழுத்துக்கினு போனா கோவம் ஜாஸ்தியாயிடும்."

களத்தில் கேட்பதோடு நிறுத்திக்கொள், யோசனை சொல்லாதே என்பது என் ஆய்வு வழிகாட்டியின் கண்டிப்பு. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னால் கிளம்ப முடியவில்லை. மகனுக்குப் போன் போடச் சொன்னேன். அவன் கிளம்பி வருவதாகவும், அதுவரை அம்மா சொல்வதுபோல் செய்யட்டும் என்றும் சொன்னான். ஓசூரிலிருந்து அவன் வந்து சேர ராத்திரி ஆகிவிடும்.

வேறு வழி தெரியாமல், கோபம் வருமா என்று ஆத்தாவிடமே கேட்டுப் பாருங்களேன் என்றேன். அவர் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, சாமி படத்தின் முன் உருட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

கேட்கச் சொன்னவளே நான்தான். இனி எதைச் சொல்லி அவரை மாற்றுவது?

அப்போது மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உதடு கறுத்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள்.

"அத்தே, என்னால முடியல. புள்ள அசையுறது கொறஞ்சுபோச்சு. என்னக் கூட்டிக்கினு போங்க."

மாமியார் பிரித்த பூவை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவளுக்குச் சுற்றிவிட ஒரு புடவையை எடுத்தார். நான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த டாக்டர், இங்கே வைத்துக்கொள்ள முடியாது, சிதம்பரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸில் மாமியார் மருமகளின் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வார்டு வாசலில் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னார்.

"பூ வேணாம்னு சொல்லியும் நான் மீறிட்டேன். எதுனா ஆச்சுன்னா ஊரும் என்னத்தான் கேக்கும், ஆத்தாவும் என்னத்தான் கேப்பா. உன்ன யாரும் கேக்க மாட்டாங்க."

அது உண்மை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சில நாட்களில் மருமகளின் மூச்சு சீரானது. ஆனால் மாமியாரின் பயம் தீரவில்லை. பிரசவம் வரை ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில் என்றே இருந்தார். மருமகள்தான் போனில் சொல்வாள். ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மாமியார் கடையைத் திறந்தாராம்.

அதன் பிறகு, அம்மை இறங்கி வேப்பிலை அவிழ்த்த வீடுகளுக்குள் உட்கார்ந்து பேசும்போது, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். போகலாம் என்று முடிவெடுப்பது யார், போய் ஏதாவது ஆகிவிட்டால் பழி யார்மேல் விழும் என்று கேட்க ஆரம்பித்தேன். பல பெண்கள் அதற்குப் பதில் சொல்லுமுன் எழுந்துபோய், வேறு யார் காதிலும் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.