பெடல் கெட்டியான பிறகு

காரின் வீல் நட்டுகளை இளக்கிவிட்டுத்தான் ஜாக்கியைக் கையில் எடுப்பாள் தையல்காரம்மா. வண்டியைத் தூக்கிய பிறகு நட்டைத் திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும். இளக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் ஒரு கீற்று. மறுபடி முடுக்கியதும் கீற்றை அழிப்பாள். நட்டு அடம்பிடித்தால் கெஞ்சுவாள். "வாடா ராசா, ரொம்பத்தான் பிகு பண்ணாத."

வெட்டுத்துணி அடைத்த மெத்தையை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்வாள். ரவிக்கைக்கு ஊக்கு வைக்கும் அதே முகம். உதடுகளுக்கு நடுவே ஊசிக்குப் பதில் ஒரு வாஷர்.

பிரேக் பேடுகளை அழுத்தும் கேலிப்பரைக் கழற்றினால் அதை அதன் ரப்பர் எண்ணெய்க் குழாயில் தொங்கவிடக் கூடாது, குழாய் பழுதாகிவிடும். மேலே சுருள்வில்லோடு சேர்த்துக் கட்ட அவளிடம் ஒரு நீல டை இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பு மேசையில் காலமெல்லாம் நின்ற கணவர் கட்டியது. ஓய்வு பெற்ற மறுநாளே அதை இந்த வேலைக்கு மாற்றிவிட்டார். "என் கழுத்தை நெரிச்சது போதும். இனிமே உழைச்சுச் சாப்பிடட்டும்." ஒவ்வொரு முறையும் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அவருடைய சட்டைகளோடு மாட்டி வைப்பாள். சட்டைகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அவர்தான் இல்லை.

முதன்முதலாக வீட்டிலேயே பிரேக் பேடு மாற்றிய அன்று அவர் ஒன்றை மறந்துவிட்டார். புதுப் பேடு தடிமனானது. அது உள்ளே நுழைய கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு, வண்டியை எடுக்குமுன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். அவரோ கையைத் துடைத்துக்கொண்டு ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது, மிதித்தார், பெடல் தரைவரை போனது, வண்டி நேரே போய் வாசல் கேட்டில் முட்டியது. கேட் இன்றைக்கும் ஒருக்களித்துத்தான் நிற்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். வேலை முடிந்ததும் அவள் ஏறி உட்கார்ந்து பெடலை மிதிப்பாள். சாவி அவள் மடியில் இருக்கும். பெடல் கெட்டியாகி அவளுக்கு மனசு ஒப்பினால்தான் கைமாறும். அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, ஹோட்டல் பணிவோடு கேட்பார்: "மகாராணி, சாவி கிடைக்குமா?"

"இன்னும் கொஞ்சம் கெஞ்சுங்க."

போன வாரம் பேடு தேய்ந்து முன் சக்கரம் கிறீச்சிட்டது. மகள் சாவியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வித்துடலாம்மா. அப்பா இருந்தவரைக்கும் சரி. நீ தனியா ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா?"

"வித்துட்டு? காஜா பட்டனைக் கட்டிட்டு அழவா?"

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"ஆமா, நீ வந்து கிழிச்ச!" என்றவள், சற்றுப் பொறுத்துத் தணிந்தாள். "பேடை நான் மாத்துறேன். நீ மிதிச்சுப் பாரு. உனக்குத் திருப்தி இல்லேன்னா வித்துடு. ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

இன்று காலையிலிருந்து மகள் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். டை அவிழ்ந்தது, சக்கரங்கள் ஏறின, ஜாக்கி இறங்கியது, கடைசிக் கீற்றும் அழிந்தது. மகள் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மிதி."

மிதித்தாள். "அம்மா! அடிவரைக்கும் போகுது!"

"போகும். பதறாத. விடாம மிதி."

மறுபடி மிதித்தாள். மறுபடியும். கொஞ்சங்கொஞ்சமாகப் பெடல் அவள் காலை எதிர்த்துத் தள்ளத் தொடங்கியது. பிறகு கல்லாக நின்றது. முழு பலத்தையும் கொடுத்து அழுத்தினாள். பெடல் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரம்மா கிரீஸ் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு குனிந்தாள்.

"மகாராணி, சாவி கிடைக்குமா?"

மகள் நிமிரவில்லை. பெடலை இன்னொரு முறை அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கெஞ்சுங்க" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். சாவி இருந்தது.