மென்று தின்னுங்கள் ஸார், இது களி இல்லை!

என் கணவர் உயிரோடு இருக்கிறார்! புத்தாண்டும் அதுவுமாக இப்படியா ஆரம்பிப்பாய் என்று திட்டாதீர்கள். போன வாரம் ஒரு அரிசிப் பலகாரம் அவரைப் படுத்திய பாட்டைக் கேட்டால், நீங்களும் இதைத்தான் முதல் வரியாக எழுதுவீர்கள்.

நாங்கள் இருப்பது மான்ட்ரியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் கெய்கோ என்ற ஜப்பானியப் பெண்மணி, யூனிவர்சிடியில் ஆராய்ச்சி செய்கிறார். கீழ் வீட்டில் ரீட்டா. யாழ்ப்பாணத்துப் பெண், 'கார்டெரி' என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஜனவரி முதல் தேதி மதியம் கெய்கோ எங்களையும் ரீட்டாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஆவி பறக்கும் சூப். அதற்குள் வெள்ளை வெளேரென்று, மெத்தென்று ஒரு கட்டி... பெயர் மோச்சி.

ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைத்து, ஒரு பருக்கைகூடத் தெரியாதபடி இடித்துத் திரட்டுவார்களாம். கெய்கோவிடம் நான் கேட்காத கேள்வி இல்லை. கொழுப்பு? கிட்டத்தட்டக் கிடையாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள்? தாராளமாகச் சாப்பிடலாம். "ஆனால் அளவைப் பார்த்து ஏமாறாதே. நிறையச் சோற்றை இடித்து அடக்கி வைத்திருக்கிறது" என்றார். சர்க்கரை வியாதிக்காரர்கள் சோற்றைப் போலவே இதையும் அளந்து சாப்பிட வேண்டுமாம். வறுத்த சோயா மாவில் புரட்டினால் புரதமும் சேரும். மான்ட்ரியல் குளிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! அப்போதே உங்களுக்கு எழுத வேண்டும் என்று கை பரபரத்தது.

பிறகு கெய்கோ கத்தரிக்கோலை எடுத்தார். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் மோச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டினார். "முதலில் சூப்பைக் குடித்துத் தொண்டையை நனையுங்கள். நன்றாக மெல்லுங்கள்" என்றார். புத்தாண்டு வந்தாலே ஜப்பானில் இதை விழுங்கி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்கள் உண்டாம். சிலர் திரும்பி வருவதில்லையாம்.

என் கணவர் தன் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார்!

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். டவுன்டவுனில் இன்ஜினீயர். பிறந்தது தருமபுரிப் பக்கம், ராகிக் களி தின்று வளர்ந்த உடம்பு. அவர் வீட்டில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டி, குழம்பில் புரட்டி, ஒரே முழுங்கு. கல்யாணமான புதிதில் நான் மென்றதைப் பார்த்து வீடே சிரித்தது.

"இது நம்ம களியேதான்! களிக்குப் போய் கத்தரிக்கோலா? எப்படிச் சாப்பிடறதுன்னு நான் காட்டறேன் பாருங்க!"

"அண்ணை, அவ சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள் ரீட்டா.

"சின்ன வயசுலேர்ந்து முழுங்கறவன்மா நான்."

விரலால் எடுத்தார். உருட்டினார். சூப்பில் தோய்த்தார். முழுங்கினார்.

களி வழுக்கிக்கொண்டு போய்விடும். மோச்சி ஒட்டும், இழுபடும்... போன வழியிலேயே உட்கார்ந்துவிடும்.

கை தொண்டைக்குப் போனது. சத்தமே இல்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர் — வாயைத் திறக்கிறார், காற்றுகூட வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. கெய்கோ போனை எடுத்து அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தார். நான்? ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதானா, இனி நான் தனியா என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

ரீட்டா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். "அண்ணை, குனியுங்கோ! நல்லாக் குனியுங்கோ!" முதுகில் உள்ளங்கையால் அறைந்தாள். அறை என்றால் அப்படி ஒரு அறை! மோச்சி அசையவில்லை. பின்னால் போய்க் கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. "தூஸ்! தூஸ்!" என்று பிரெஞ்சில் கத்துகிறாள். இருமு, இருமு என்று கார்டெரிப் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்!

பொத்தென்று மோச்சி மேஜையில் வந்து விழுந்தது.

அவர் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே... அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அழுதேன். சிரித்தேன். ரீட்டாவைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்வெட்டரை நனைத்தேன். "கார்டெரியிலை பிள்ளையளுக்கெண்டுதான் இதை எங்களுக்குப் பழக்கினவை, அக்கா" என்றாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். முறுக்கைக் கடிக்கும்போது பல்லுக்குப் பயப்படுகிறோம். மீனில் முள்ளைத் தேடுகிறோம். மெத்தென்று இருப்பதை மட்டும் சந்தேகப்படுவதே இல்லை. அதுவும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப்போல இருந்துவிட்டால்... கேட்கவே வேண்டாம்!

அதற்காக மோச்சியை விட்டுவிடுவதா? மாட்டேன்! நேற்று நானே வாங்கி வந்து செய்தேன். பொடிப் பொடித் துண்டுகள், மேலே வறுத்த சோயா மாவு. அருமை! சின்னக் குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் கொடுக்காதீர்கள். மற்றவர்கள் அவசரமில்லாமல் மெல்லுங்கள்.

என் கணவரும் மெல்கிறார். மோச்சியை மட்டுமல்ல — சோறு, இட்லி, பொரியல், எதையும் விடுவதில்லை. அங்கேதான் வந்தது வினை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, நேற்று ராத்திரி தட்டிலிருந்து மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"ஏம்மா... உன் பொரியல் எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"