பச்சைக் குழந்தையின் கையில் மைக்

மைக் அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. அதில் பதினாறு ஆண்டுகளைப் பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் கழித்திருக்கிறார். எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். "சாப்பாடு தயார். உடனே வரவும்" என்று கூப்பிட்டால், "எத்தனாவது மேடைங்க?" என்று கணவர் கேட்பார்.

அந்தக் குரலுக்காகவே குடியிருப்புச் சங்கம் ஒவ்வொரு ஹோலிக்கும் அவரைப் பிடித்து, தொலைந்தோர் மேசையில் உட்கார வைத்துவிடும். ஒற்றைச் செருப்பு, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி என்று எது வந்தாலும் சமாளித்துவிடுவார். குழந்தை வந்தால்தான் சிக்கல். பேருந்து நிலையத்தில் 'மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை' என்று சொன்னால் போதும், தாய் ஓடி வந்துவிடுவாள். ஹோலித் திடலில் பத்து மணிக்கு மேல் எல்லாச் சட்டையும் ஒரே சட்டை. எல்லா முகமும் ஒரே முகம்.

இந்த ஆண்டு காலையிலேயே ஒரு கூத்து நடந்தது. ஓர் அப்பா, ரோஜா நிறத்தில் இருந்த பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். "அங்கிள், எங்க வீடு அந்தப் பக்கம்" என்று தோளிலிருந்து பையன் வழி சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அப்போதே மைக் அக்கா முடிவு செய்துவிட்டார். உறுதியாகத் தெரியாமல் இந்த மேசையிலிருந்து ஒரு குழந்தையையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

மதியம் தண்ணீர்ப் பீப்பாய்கள் காலியாகும் நேரத்தில் உச்சி முதல் பாதம் வரை பச்சையாக ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். நான்கு வயது இருக்கும். ஒரு கன்னம் உப்பியிருந்தது, உள்ளே மிட்டாய்.

"உன் பேரு என்னம்மா?"

"பாப்பா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவாங்க?"

குழந்தை யோசித்தாள். "ஏங்க."

'பச்சை நிறத்தில் ஒரு பெண் குழந்தை' என்று அறிவித்துப் பார்த்தார். திடலில் பாதிப் பேர் பச்சை. யாரும் திரும்பக்கூட இல்லை. பாட்டுச் சத்தம் வேறு. மூன்றாவது அறிவிப்புக்கும் ஆள் வராததால் குழந்தையின் கீழுதடு பிதுங்கத் தொடங்கியது. அழ ஆரம்பித்தால் கிடைக்கும் கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுவிடும் என்று மைக் அக்காவுக்குப் பயம். மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

"உங்க வீட்ல என்னல்லாம் நடக்கும்? அத்தைகிட்ட சொல்லு பாப்போம்."

"எங்கப்பா குளிக்க மாட்டாரு. தண்ணியைத் தொறந்து விட்டுட்டு உள்ள உக்காந்து போன் பாப்பாரு."

பாட்டுப் போடுகிறவர், யாரும் சொல்லாமலே சத்தத்தைக் குறைத்தார்.

"எங்கம்மா டயட். ஆனா நான் தூங்கினப்புறம் பிரிட்ஜைத் தொறந்து, நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க."

திடல் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"மாமா வந்தா, அப்பா வெளிய போயிருக்காருன்னு சொல்லணும். அப்பா கட்டிலுக்கு..."

அதற்குள் ஐந்து அப்பாக்களும் நான்கு அம்மாக்களும் மேசைக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டுக் குழந்தைதாங்க. முதல்ல மைக்கை வாங்குங்க" என்றார் முன்னால் வந்தவர்.

"உங்க பையன் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே சார்?"

"நிக்கிறான். ஆனா கேக்கறப்ப எங்க வீடு மாதிரியே இருந்துச்சு."

மற்றவர்களில் சிலருக்கு அப்போதுதான் தங்கள் பெண்ணைக் கொஞ்ச நேரமாகக் காணவில்லை என்று உறைத்தது. தேடிக் கண்டுபிடித்தவர்களும், பிள்ளை பக்கத்திலேயே இருந்தவர்களும் போக, இது தங்கள் பெண்தான் என்று மூன்று பேர் மிஞ்சினார்கள். ஊதா நிறத்தில் நின்ற அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். ஆனால் ஆரஞ்சு அம்மாவும் அழுதார். குழந்தையோ அந்த முகங்களைப் பார்த்து மிரண்டு, மைக் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கழுவிப் பார்க்கப் பீப்பாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மைக் அக்காவுக்கு முகங்கள் மேல் எப்போதுமே பெரிய நம்பிக்கை கிடையாது. கூண்டுக்குள் அவர் முகத்தை எந்தப் பயணி பார்த்தார்? குரலை மட்டும் கேட்டே ஓடுகிறார்களே. குழந்தையை மடியில் அப்படியே வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொருத்தரா வாங்க. வீட்ல பாப்பாகிட்ட தினமும் சொல்றதை இங்க சொல்லுங்க. கொஞ்ச வேண்டாம், நிஜமா சொல்றதை."

மூவரில் முதலாவதாகச் சிவப்பு அப்பா முன்னால் வந்து, "என் தங்கமே, இங்க வா" என்றார்.

"சார், நிஜமா."

"டிவியை அணை."

குழந்தை அசையவில்லை. ஆரஞ்சு அம்மா, "பல் தேய்ச்சியா இல்லையா?" என்று கேட்டார். அதற்கும் அசைவில்லை. ஊதா அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாயில என்ன அது? துப்பு."

மடியிலிருந்து தலை நிமிர்ந்தது. மிட்டாய் மேசையில் விழுந்து, யாரோ தொலைத்த மூக்குக்கண்ணாடி வரை உருண்டது. அதன் பிறகுதான் குழந்தை வாய்விட்டு அழுதாள். "அம்மா" என்று தாவிய வேகத்தில் நாற்காலியே சாய்ந்தது.

பின்னால் மஞ்சளாக ஒருவர் சத்தம் காட்டாமல் வந்து நின்றார்.

"ஏங்க," என்றார் அம்மா, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "வீட்டுக்குப் போனதும் குளிங்க. நான் கதவுக்கு வெளியவே நிக்கிறேன்."

"நில்லு. அப்படியே அந்தப் பிரிட்ஜ் விஷயத்தையும்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இனிமேல் குழந்தைகளிடம் மைக் கொடுக்கக் கூடாது என்று அப்பாக்கள் சேர்ந்து சங்கத்தில் கோரிக்கை வைத்தார்கள். சில அம்மாக்களும் கை தூக்கினார்கள். அப்படியும் கோரிக்கை தோற்றுவிட்டது. அடுத்த ஹோலிக்கும் மேசை மைக் அக்காவுக்குத்தான்.