கப்பல் தோசையும் திரும்பாத டப்பாக்களும்

மீன்சுருட்டியில் ஒருவர் சனிக்கிழமைதோறும் தெருவுக்கே பலகாரம் கொடுக்கிறார். பலகாரம் போன எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கேட்பதே இல்லை. இந்தச் செய்தி எனக்கு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்காகப் பேசவில்லை, ஆனால் எனக்குக் கேட்கும்படிப் பேசினார்கள்.

"பலகாரம் சும்மா சாக்குடி. எங்க நாத்தனா வூட்ல மூணு மாசமா ஒரு டப்பா கெடக்கு."

"கிறுக்குப் புடிச்சிருக்கா அந்தாளுக்கு?"

"கிறுக்கெல்லாம் இல்ல. கப்பல்ல வேல பாத்தவராம். தங்கம் கிங்கம் கெடச்சிருக்கும். எவர்சில்வரெல்லாம் அவருக்குத் தூசு."

வதந்தி என்றால் சரிபார்ப்பது பத்தி எழுதுகிறவன் கடமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எங்கள் வீட்டில் மூடி பொருந்துகிற டப்பா ஒன்றுகூட இல்லை. அன்று சனிக்கிழமை வேறு; அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மீன்சுருட்டி டீக்கடையில் கப்பல்காரர் வீடு எது என்று கேட்டேன். "நேரா போங்க. எங்க வெண்ண வாசன வருதோ அங்க நில்லுங்க" என்றார் கடைக்காரர். மே மாத வெயிலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நீல கேட் போட்ட மாடி வீட்டின் முன்னால் வாசனை வந்தது. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"டப்பா கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப வாங்கிட்டுப் போவ வந்திருக்கீங்க. வாங்க."

அவர் சின்னப்பிள்ளை. கப்பல்காரர் செல்லதுரையின் மனைவி. நான் உட்காருவதற்குள் வதந்தியில் பாதி செத்துப்போயிற்று. டப்பாவைத் திருப்பிக் கேட்கும் ஆள் இந்த வீட்டில் இருந்தார். நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

"பதினாலு டப்பா வெளிய போயிருக்கு சார். இப்ப வாழ எலையில மடிச்சுத்தான் அனுப்புறோம். காப்பிப் பொடி வைக்க ஒண்ணு இல்ல. எங்க அம்மா எம் பேர வெட்டிக் குடுத்தது எதுத்த வூட்டுக் குஞ்சம்மாள் அக்காகிட்ட ரெண்டு மாசமா கெடக்கு. இன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள அது வரல, இவரு பலகாரம் சுடுற அந்த இரும்பு அச்சு பரணுக்குப் போவுது. சனிக்கெழமக் கூத்து அதோட முடிஞ்சுது."

"கேட்டீங்களா சார்," என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலு வருசமா தூக்குத் தண்டன. இன்னிக்கித்தான் தேதி குறிச்சிருக்கா."

செல்லதுரைக்கு ஐம்பத்தொன்பது வயது. கைலி, தலையில் துண்டு, கையில் கரண்டி. பாத்திரத்தில் மாவு கலந்து தட்டு போட்டு மூடியிருந்தார்: மைதா, முட்டை, சர்க்கரை, பால், கொஞ்சம் மோர், உருக்கிய வெண்ணெய், தாராளமாக இடித்த ஏலக்காய். "அர மணி நேரம் ஊறணும் சார். என் கத அதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றார். முடிந்தது.

அப்பா இதே தெருவின் வயல்களில் கூலி வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இந்தத் தெருவுக்குக் கொல்லைப்புறமாக வருவார். வாங்கிக் குடிக்கச் சொந்தப் பாத்திரத்தைக் கையோடு கொண்டுவருவார். மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போய், அங்கிருந்து ஒரு நண்பர் மூலம் கப்பலுக்குப் போனார். பத்தொன்பது வருடம் கடலில். அந்த வருடங்களில் சின்னப்பிள்ளை முந்திரிக் காட்டு வேலைக்குப் போய் இரண்டு பெண்களை வளர்த்து, இந்தத் தெருவிலேயே மனை வாங்கி வீடும் கட்டிவிட்டார். "நான் அனுப்புனது செங்கல்லு, இவ கட்டுனது வூடு" என்கிறார் செல்லதுரை.

கடைசி ஆறு வருடம் நார்வேக்காரர்களின் எண்ணெய்க் கப்பல். அதில் ஓலா என்று ஒரு சமையல்காரர். சனிக்கிழமை மூன்று மணிக்கு வாஃபிள் என்று அச்சில் வார்க்கும் ஓர் இனிப்புப் பலகாரம் சுடுவார். என்ன புயல் அடித்தாலும் சுடுவார்.

"எண்ணெப் பிசுக்கோட நான் வரிசையில நிப்பேன் சார். எனக்குப் பின்னால கேப்டன் நிப்பாரு. நான் ஒதுங்குனா ஒத்துக்க மாட்டாரு. 'உன் முறை, நீ போ'ம்பாரு. ஆறு வருசமும் அப்பிடித்தான்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டைத் தூக்கி மாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

ஓய்வு பெற்று இறங்கியபோது ஓலா தன் பழைய அச்சைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு வட்ட இரும்புத் தட்டுகளைக் கீல் வைத்துப் பிணைத்து நீளக் கைப்பிடி போட்டது. உள்ளே ஐந்து இதயங்கள், கூர் முனைகள் நடுவில் சேர, பூப்போல. விமான நிலையத்தில் எடை கூடுதல் என்றார்கள். இரண்டு பேண்டையும் ஒரு ஷூவையும் அங்கேயே விட்டுவிட்டு அச்சைக் கொண்டுவந்தார். ஒரு ஷூவை மட்டும் ஏன் விட்டார் என்று கேட்டேன். எடை அதோடு சரியாகிவிட்டதாம்.

சின்னப்பிள்ளை அந்த அச்சைப் பார்த்ததும் ஒரே முடிவுக்கு வந்தார்: பழக்காத கல். மூன்று நாள் அரிசிக் கஞ்சியில் ஊறப்போட்டார். பிறகு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி, நல்லெண்ணெயில் தொட்டுத் தொட்டு, ஐந்து இதயங்களையும் மூலை முடுக்கு விடாமல் தேய்த்துச் சூடேற்றினார். புதுத் தோசைக்கல்லை எப்படிப் பழக்குவோமோ அப்படி. அதன் பிறகு செல்லதுரை சுட்ட முதல் வாஃபிளில் ஏலக்காயும் வெங்காயமும் சண்டை போட்டு வெங்காயம் ஜெயித்தது. வாடை போக நாலு மாதம் ஆயிற்று. தெருவில் 'கப்பல் தோசை' என்று பெயர் விழுந்தது அப்போதுதான்.

செல்லதுரை குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு சார். ஓலாகிட்ட இருந்தவரைக்கும் ஒட்டும். இவ தேச்சப்புறம் ஒட்டுனதே இல்ல. இத அவகிட்ட சொல்லிடாதீங்க."

"கேட்டுச்சு!" என்றார் சின்னப்பிள்ளை, கூடத்திலிருந்து.

மாவு ஊறிவிட்டது. ஒரு கரண்டி ஊற்றி மூடி, ஒரு பக்கம் வெந்ததும் கைப்பிடியைப் பிடித்து அச்சைத் திருப்பினார். திறந்தால் பொன் நிறம். மொறுமொறுவென்று இருந்தால் தப்பு; மடித்தால் மடிய வேண்டும், அதுதான் அந்த ஊர் முறை. முதல் இதயம் காக்கைக்குப் போயிற்று. ஒரு காக்கை முன்பே வந்து மதிலில் காத்திருந்தது. தொட்டுக்கொள்ள, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். கப்பலில் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் தருவார்களாம். அதற்குப் பதில் பால்கோவா. இரண்டும் ஒரே ருசிதான் என்கிறார். மறுத்துப் பேச மீன்சுருட்டியில் ஆள் இல்லை. ஜாம் மட்டும் கடைச் சரக்கு. "செவப்புப் பசை சார் அது. போஸ்டர் ஒட்டலாம்."

தெருவில் பதினாலு வீட்டுக்கும் எதற்கு அனுப்புகிறார் என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பண்டத்தத் திங்கணும் சார், கப்பல் மாதிரி. அவ்ளோதான்." அடுத்த கரண்டி மாவை ஊற்றிவிட்டு, "எங்க வூட்லேருந்து இந்தத் தெருவுக்கு ஒரு பண்டமும் போனதில்ல, எங்க அப்பா காலத்துல. இப்ப அனுப்புறேன், சிரிச்சிட்டுத்தான் வாங்கிக்கிறாங்க. உள்ள போயி திங்கிறாங்களா, மாட்டுக்குப் போடுறாங்களா? டப்பா திரும்பி வந்தாத்தானே தெரியும்" என்றார்.

அச்சு பரணுக்குப் போவதைவிட அவருக்கு இது பெரிய பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. கூடத்தில் சின்னப்பிள்ளை எழுந்து நின்றார். "போய்க் கேட்டுட்டே வந்துடுறேன். வாங்க சார், நீங்க சாட்சி."

எதிர் வீட்டுக் கொல்லையில் குஞ்சம்மாள் முந்திரிப் பழங்களைக் குவித்துவைத்து, கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை ஒருபக்கம் எறிந்துகொண்டிருந்தார். சின்னப்பிள்ளையைப் பார்த்ததும், பிடிபட்டவர் போல எழுந்தார்.

"டப்பாவுக்குத்தானே வந்த? வெறும் டப்பாவ எப்பிடிடி குடுக்கிறது? அதிரசம் சுடலாம்னு வெல்லம் வாங்குனேன், எறும்பு மொய்ச்சுடுச்சு. முறுக்கு போடலாம்னா, உலகத்தையே சுத்தித் தின்னுட்டு வந்த மனுசன், சிரிக்க மாட்டாரா? அதுக்குப் பதிலு இதுன்னு ஒண்ணு இருக்கணும்ல? இந்தத் தெருவே இதத்தான் பேசிக்கிட்டுக் கெடக்கு."

வதந்தியின் மிச்சப் பாதியும் அங்கே போயிற்று. பொங்கலுக்குப் பொங்கல், பாயசத்துக்குப் பாயசம், தீபாவளிக்கு அவரவர் கருகல் முறுக்கு என்று எல்லாவற்றுக்கும் தெருவிடம் பதில் உண்டு. வாஃபிளுக்கு மட்டும் இல்லை. பதினாலு வீடும் பதில் தெரியாத டப்பாவோடு உட்கார்ந்திருந்தன.

"அது கெடக்கட்டும்க்கா," என்றார் சின்னப்பிள்ளை. "நாங்க குடுத்துவிடுறத நீங்க திங்கிறீங்களா, இல்லியா?"

குஞ்சம்மாள் தலையைச் சொறிந்தார். "கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இனிப்பு எங்களுக்கு ஆவறதில்ல. பிச்சுப் போட்டு, மேல கருவாட்டுக் கொழம்ப ஊத்தித் திம்போம். எங்க வூட்டுக்காரரு சனிக்கெழம கவுச்சி தொடாத மனுசன்டி. இப்ப அவரே காலையில கருவாடு வாங்கிட்டு வந்துடுறாரு. போன வாரம் ரெண்டுதான் வந்துச்சுன்னு எங்கிட்ட சண்ட."

சின்னப்பிள்ளை கீழே கிடந்த பழங்களைப் பார்த்தார். "இத என்னா பண்ணுவீங்க?"

"தூக்கிப் போடுறதுதான். யாரு திங்கிறா, தொண்டையப் புடிக்குது."

"அதப் போட்டுக் குடுங்க. வெறும் டப்பா இல்லைல்ல?"

செல்லதுரை வாசலிலேயே நின்றிருந்தார். டப்பாவை வாங்கவில்லை.

"தின்னாங்களாமா?"

"கருவாட்டுக் கொழம்போட."

ஓலாவின் பலகாரத்துக்கு நேர்ந்த கதிக்கு மனுஷன் கோபப்படுவார் என்று பேனாவை எடுத்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கருவாட்டுக் கொழம்பு… நமக்குத் தோணலியே" என்றார்.

சின்னப்பிள்ளைக்குச் சிரிக்க நேரமில்லை. முந்திரிக் காட்டிலேயே வளர்ந்தவர். பழத்தை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுக் காறலை எடுத்தார். பிழிந்து, வெல்லம் போட்டுக் கிண்டினார். ஒரு மணி நேரத்தில் தேன் நிறத்தில் ஜாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் இதயத்தில் தடவிக் கடித்தார். செல்லதுரை அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, காக்கையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். இரண்டாவது இதயமும் உள்ளே போயிற்று.

"ஜாம் நல்லாருக்கு," என்றார் சின்னப்பிள்ளை.

"நாலு வருசத்துல இவ வாயால வந்த மொதப் பாராட்டு சார்," என்றார் செல்லதுரை என்னிடம்.

முந்திரிப் பழமே போதுமாம் என்ற சேதி தெருவில் எப்படிப் பரவியதோ, ஐந்து மணிக்குள் மீதிப் பதின்மூன்று டப்பாவும் திரும்பி வந்தன. பதின்மூன்றிலும் முந்திரிப் பழம். அண்டாவில் கொட்டியும் தீரவில்லை. "இவ்ளோ ஜாம யாரு திங்கிறது? அடுத்த வாரம் இதையும் சேத்து அனுப்பணும்" என்று அலுத்துக்கொண்டார் சின்னப்பிள்ளை. அடுத்த வாரம் உண்டு என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டதைச் செல்லதுரை கவனித்தார். கவனிக்காத முகத்தோடு அச்சைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

கிளம்பும்போது எனக்கும் வாஃபிளும் ஜாமும் கட்டினார்கள். மற்ற டப்பாவிலெல்லாம் பழம். காலியாக இருந்தது பெயர் வெட்டியது ஒன்றுதான். "சாருன்னு நம்பிக் குடுக்கிறேன்," என்றார் சின்னப்பிள்ளை.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மூடி நன்றாகப் பொருந்துகிற டப்பா. வாஃபிளும் ஜாமும் அன்றைக்கே பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டன. வெறும் டப்பாவாகக் கொடுக்க முடியாது; எங்கள் பக்கம் முந்திரி கிடையாது. மச்சான் வயலிலிருந்து வந்த சின்ன வெங்காயம்தான் ஒரு மூட்டை இருக்கிறது. நாலு மாதம் வெங்காய வாடையோடு போராடிய வீட்டுக்கு அதை எந்த முகத்தோடு கொண்டுபோவது? டப்பா இப்போதைக்கு பிரிட்ஜின் மேல் இருக்கிறது. நேற்று அதைத் துடைக்க எடுத்த என் மனைவி, புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"யாருங்க இந்தச் சின்னப்பிள்ளை?"