மஞ்சள் கரு விருந்தாளிக்கு, வெள்ளைக் கரு சுவருக்கு

உம்மு சல்மா வீட்டில் சாப்பிடாமல் தப்பித்தவர்கள் பேகம்பூரில் யாரும் இல்லை. நான் எம்மாத்திரம், அடுத்த வீட்டுக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று திண்டுக்கல் முழுக்கப் பேச்சு. அந்த வாயையும் அடைத்தவள் அவள்தான், சோற்றைப் போட்டே அடைத்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அவள் கணவர் அப்துல் லத்தீப் தோல் மண்டி நடத்தினார். மண்டிக்குப் பின்னால் ஓர் அறையில் குடித்தனம். முன்னால் உப்புப் போட்ட தோல், பின்னால் அடுப்பு. ஒருமுறை ஆத்தூரிலிருந்து அவளுடைய அம்மா வந்திருந்தார். உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு தாயி" என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டார். அன்று சல்மா அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சமைக்கத் தெரியாதவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அள்ளி அள்ளிப் போடும் கையை வைத்துக்கொண்டு பெற்றவளை நிற்க வைத்துச் சோறு போட்டால் எப்படி இருக்கும்?

எங்கள் தெருவிலேயே லத்தீபின் தாத்தா கட்டிய பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், மேலே மாடி. தந்தை இறந்த பிறகு மண்டி யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு, மூத்தவர் அப்துல் வாஹித் மதுரைக்குப் போய்விட்டார். மண்டி தம்பியிடம் நின்றது, வீடு அண்ணன் பெயரில் இருந்தது. புறாக்கள் மட்டும் சுகமாகக் குடும்பம் நடத்தின. லத்தீப் வாய் திறந்து கேட்கமாட்டார். சல்மா பெரியவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினாள். "விக்கிற வரைக்கும் இருந்துக்கட்டும்" என்று பதில் வந்தது. இந்தப் பேச்சைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சல்மாவோ சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அது 1954ஆம் வருஷம்.

சுவரெல்லாம் காரை உதிர்ந்து பல்லை இளித்தது. ஆத்தூரிலிருந்து மாயாண்டிக் கொத்தனாரை வரவழைத்தாள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடுக்கா இருக்கா தாயி?" என்றார். தோல் பதனிட வாங்கிய கடுக்காய் மண்டியில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைத் தட்டி ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து முதல் பூச்சு முடிந்தது. கடைசிப் பூச்சு தொடங்கும் முன்தினம் மாயாண்டி, "நாளைக்கு ஒரு கூடை முட்டை வேணும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஒரு கூடை முட்டை தயாராக இருந்தது. அத்தனையும் அவித்து, தோலுரித்து, மிளகும் உப்பும் தூவி.

"என்னா தாயி இது?" என்றார் மாயாண்டி.

"நீங்கதான கேட்டீக? வேலையாளுக அம்புட்டுப் பேருக்கும் பத்துமா?"

"நான் கேட்டது சொவத்துக்கு தாயி! பச்ச முட்டை. வெள்ளக் கருவச் சுண்ணாம்புல கலந்து பூசித் தேச்சாத்தான் மொகம் தெரியிற மாதிரி பளபளப்பு வரும்."

ஒரு வேலையாள் முட்டை கேட்டால் பசிக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும். வேறு எதுவும் அந்த மண்டையில் ஏறாது. அன்று சுவர் பட்டினி, ஆட்களுக்கு விருந்து. நான் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் பச்சை முட்டை வந்தது. வெள்ளைக் கரு சுவருக்குப் போக, மஞ்சள் கரு சட்டி சட்டியாக மிஞ்சியது. அதைக் கொட்ட அவளுக்கு மனசு வருமா? தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்து வட்டிலாப்பம் செய்தாள். முழு முட்டையில் செய்கிற வட்டிலாப்பம் நானும் தின்றிருக்கிறேன். இது வேறு. நாக்கில் வைத்ததும் காணாமல் போய்விடும். தெருவுக்கெல்லாம் கிண்ணம் போயிற்று. போன கிண்ணம் திரும்பி வந்தபோது ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. வெறும் இனிப்பைக் கொடுத்து அனுப்புவதா என்று அவர்களுக்கு நெய்ச்சோறும், பருப்பில் கறி எலும்பு போட்ட தால்சாவும் ஆக்கிப் போட்டாள். மண்டிக்கு வரும் வெளியூர் வியாபாரிகளை லத்தீப் அழைத்து வந்தார். சின்னாளப்பட்டியிலிருந்து சேலை மூட்டையோடு வரும் நெசவுக்காரர்களுக்குத் தனி அடுப்பில் மரக்கறி, வாழை இலை. அவர்களுக்கு முட்டையாகாது என்பதால் இலையில் பாயசம்.

சாப்பிட்டவர்கள் காசு நீட்டினால் அவள் முகம் சுண்டிப்போகும். "அடுத்த தடவ வாரப்ப நாலு முட்டை கொண்டு வாங்க, போதும்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வாள். முட்டை வரும். வந்தால் சுவர் பூச வேண்டும், பூசினால் மஞ்சள் கரு மிஞ்சும், மிஞ்சினால் ஆள் வரும். இப்படியே கூடம் முடிந்தது, பக்கத்து அறைகள் முடிந்தன. ஊராரின் நாக்குதான் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது என்று நான் கேலி செய்வேன்.

கூடம் முடிந்த மாசமே ஆத்தூருக்கு ஆள் விட்டு அம்மாவை வரவழைத்தாள். பளபளக்கும் சுவரோரம் பாய் விரித்து உட்கார வைத்துப் பரிமாறினாள். அந்த அம்மா சாப்பாட்டில் கை வைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சல்மா அடுக்களைக்கும் கூடத்துக்கும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாடி வேலை தொடங்கும் முன் மதுரையிலிருந்து செய்தி வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் பஞ்சு வியாபாரம் செய்யும் கருப்பணன் என்பவர் வீட்டைக் கேட்கிறாராம். இடித்துவிட்டுப் பஞ்சு மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டப் போகிறாராம். வெள்ளிக்கிழமை வாஹித் அவரோடு வந்து விலை பேசி முடிப்பார். லத்தீப் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாஹித்தை நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சல்மா முறத்தைக் கையில் எடுத்தாள். பிறகு, "வாரவக சாப்ட்டுட்டுப் பேசட்டும்" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தார்கள். கருப்பணனுக்கு இலை போட்டாயிற்று. அண்ணன் தம்பிக்கு மட்டும் மாடிக் குப்பையில் கிடைத்த பழைய செப்புச் சஹனைத் துலக்கி ஈயம் பூசி வைத்திருந்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. சஹனில் கை வைத்தால், கூட உட்கார்ந்தவர் முடிக்கும் வரை எழக்கூடாது. வாஹித் அவசரக்காரர். லத்தீப் ஒரு கவளத்தை மென்று முடிப்பதற்குள் நான் ஒரு ரவிக்கை தைத்துவிடுவேன். சல்மா போட்ட கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். யார் முன்னாலும் கூச்சப்படாத நான் பரிமாறினேன்.

கருப்பணன் சாப்பிட்டு இலையை மடித்தார். வாஹித்தின் பக்கம் காலி. லத்தீப் இன்னும் பாதியில் இருந்தார்.

"ஏண்டா, இன்னும் இப்பிடித்தான் திங்கிறியா?"

"நீங்க இன்னும் அவசரப்படுறீங்கண்ணே."

வாஹித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார். அத்தாவோடு இதே சஹனில் சாப்பிட்டது, மூளை எலும்புக்குச் சண்டை போட்டது என்று பேச்சு போயிற்று. பேசிக்கொண்டே கறியில் கிடந்த மூளை எலும்பைத் தம்பி பக்கம் தள்ளினார். லத்தீப் அதை அண்ணன் பக்கம் தள்ளினார். அவர் மறுபடியும் இந்தப் பக்கம் தள்ளினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

வட்டிலாப்பம் வந்தது. ஒரு வாய் போட்டதும் வாஹித் நிமிர்ந்தார். "இம்புட்டு மஞ்சளா இருக்கே, வெள்ளக் கரு எங்க போச்சு?"

கதவுக்குப் பின்னாலிருந்து சல்மாவின் குரல் வந்தது. "நீங்க சாஞ்சு உக்காந்திருக்கீகளே பெரிய மச்சான், அதுல இருக்கு."

அவர் திரும்பிச் சுவரைத் தடவிப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, பக்கத்தில் தம்பி முகமும்.

"மாடி?"

"மாடி இன்னும் பூசல. முட்டை பத்தல."

வாஹித் கருப்பணன் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க. வீடு பாதி வேலையில கெடக்கு. முடியட்டும், முடிஞ்ச பெறகு பேசுவோம்."

கருப்பணன் விவரமான ஆள். சுவரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "அது எங்க ராவுத்தரே முடியப் போகுது? எடந்தான் இல்லேன்னு ஆயிருச்சு, இன்னொரு கிண்ணமாச்சும் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு வாஹித் பெருநாள் தவறாமல் மதுரையிலிருந்து பஸ்ஸில் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். அறுபதாம் வருஷத்துக்குள் மாடியும் பளபளத்தது. வடக்குப் பக்கம் ஒரே ஒரு சின்னச் சுவர் மட்டும் மிச்சம். மாயாண்டிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். "அரை நாள் வேலை தாயி, முடிச்சு விட்டுர்றேனே" என்று கெஞ்சுவார்.

"அது கெடக்கட்டும் கொத்தனாரே" என்பாள் சல்மா. "முடிஞ்ச பெறகு பேசுவோம்னு பெரிய மச்சான் சொல்லியிருக்காக. நீங்க செத்த நேரம் உக்காந்து சாப்டுங்க."