பழைய மெஷினும் மாலா அக்காவின் கையெழுத்தும்

போன வாரம் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கவுன்ட்டரில் ஒரு தம்பதி. ஏதோ லோன். ஆபீசர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பென்சிலால் பெருக்கல் குறி போட, அந்த அம்மா குறிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "இது எதுக்குங்க?" என்றார்.

கணவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாத்துக்கும்தான்... நீ போடு."

அந்த அம்மா போட்டார்.

எனக்கு அங்கே என்ன வேலை? முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாலா அக்கா ஞாபகம்தான்.

மொரீஷியஸில் நான் சில வருஷம் வாத்தியாராக இருந்தது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். (மறுபடியும் மொரீஷியஸா என்று முனகுகிறவர்களையும் தெரியும்!) எண்பதுகளின் கடைசி. கியூர்பிப் ஊரில் ஒரு தனியார் காலேஜில் அக்கவுன்ட்ஸ் சொல்லிக்கொடுத்தேன். காலேஜ் என்று பெயர். நம் கணக்கில் ஹைஸ்கூல். கியூர்பிப்பில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழை இல்லாத நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குள் துணியைக் காயப்போட்டு எடுத்துவிட வேண்டும்.

அங்கே நான் குடியிருந்தது சூபேன் வீட்டு மாடி அறையில். நம் ஊர் சுப்பன்தான். தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு உச்சரிப்பில் புரண்டு சூபேன் ஆகியிருந்தார். அவர் மனைவிதான் மாலா அக்கா. வீட்டில் பேச்செல்லாம் கிரெயோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழி. தமிழ் என்பது கோவிலுக்கும் பண்டிகைக்கும், பிறகு அக்கா, தம்பி என்று கூப்பிடுவதற்கும். இரண்டு வருஷத்தில் எனக்கும் கிரெயோல் பழகிவிட்டது. அதனால், இங்கே அவர்கள் பேசுவதாக நான் எழுதுகிற தமிழில் பாதி என்னுடையது.

சூபேனுக்கு மரம் வெட்டும் தொழில். மேட்டுப் பகுதியில் இருக்கும் பைன், யூகலிப்டஸ் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பார். வெட்டிக் கிளை கழித்து, கம்பமாகவும் கட்டையாகவும் விற்பார். அப்போது தீவில் எந்தக் கடற்கரையில் பார்த்தாலும் ஒரு ஹோட்டல் முளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஓலைக் குடை வேண்டும், ஓலைக் குடில் வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே கம்பம் வேண்டுமே! சூபேனுக்கு ஆர்டர் குவிந்தது.

ஆனால் வெட்ட ஆள் இல்லை.

அதே ஹோட்டல்கள்தான் ஆட்களையும் இழுத்துக்கொண்டன. ஒருவர் தோட்டக்காரராகப் போனார். இரண்டு பேர் பீனிக்ஸ் பக்கம் ஸ்வெட்டர் ஃபேக்டரிக்குப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியுமா? சேற்றில் நின்று, மழையில் செயின் சா பிடித்து, மரம் எந்தப் பக்கம் விழும் என்று மேலே பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, கூரைக்கு அடியில் நூல் சுற்றுவது மேல் அல்லவா? கடைசியில் சூபேனிடம் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். கையிலோ ஒரு பெரிய ஹோட்டலின் கம்ப ஆர்டர்.

அந்த நேரத்தில்தான் மெஷின் செய்தி வந்தது.

நெல் அறுக்கிற ஹார்வெஸ்டர் பார்த்திருப்பீர்கள். இது மரம் அறுக்கிற ஹார்வெஸ்டர். நீண்ட கையின் நுனியில் ஒரு பிடி. நிற்கிற மரத்தை அடியில் கவ்வும், அறுக்கும், சாய்க்கும். பிறகு பிடிக்குள்ளேயே மரத்தை ஓடவிட்டுக் கிளைகளைச் சீவி, வேண்டிய நீளத்துக்குத் துண்டு போடும். ரோஷ் புவாவில் மரக் கிடங்கு வைத்திருந்த லிம் என்ற சீனர் அதை வெளிநாட்டிலிருந்து பழசாக வாங்கி வந்து, சில காலம் ஓட்டி, இப்போது விற்கப் போகிறாராம்.

சூபேன் என்னையும் கூட்டிப் போனார். என்னை அவர் கூப்பிடுவது மிஸ்யே என்று, நம் ஊர் சார் மாதிரி. "மிஸ்யே, நீங்க படிச்சவர். சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்."

நின்றேன்.

லிம் மாதிரி ஒரு வியாபாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விற்கிற பொருளின் குறையை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். "எண்ணெய் ஓடற ஹைட்ராலிக் ஹோஸ் எல்லாம் பழசு. எப்ப வேணா வெடிக்கும். பம்ப் களைச்சுப் போச்சு. ஸ்பேர் பார்ட் இங்க கிடைக்காது, கப்பல்ல வரணும், மாசக்கணக்காகும். பின்னால என்கிட்ட வந்து அழக்கூடாது."

சூபேன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேனில் ஏறிக் கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பார்த்தீங்களா, எப்படிப் பயமுறுத்துறான்? வேற பார்ட்டி இருக்கு மிஸ்யே! நான் ஓடிப்போகணும்னு சொல்றான். நாளைக்கே பேங்க் போறேன்."

பொய் சொல்லி விற்பவரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். உண்மை சொல்லி விற்றால்... ஏமாறுவதற்கு நாமே ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

பேங்குக்கு மாலா அக்காவும் வர வேண்டியிருந்தது. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அதை அடமானம் வைத்தால்தான் லோன். அக்கா பீனிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அரை நாள் லீவு போட்டு, ஃபேக்டரி கோட்டோடு வந்திருந்தார். கோட்டில் அங்கங்கே ஆரஞ்சு நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் நானும் கூடப் போனேன்.

ஆபீசர் இளைஞர். கழுத்தில் டை. சூபேனிடம் கேட்டார்: "மாத வருமானம்?"

"மாசத்துக்கு மாசம் மாறும். மழையைப் பொறுத்தது, மரத்தைப் பொறுத்தது."

"நிலையான வருமானம் என்று எதுவும்...?"

"பதினஞ்சு வருஷமா இதே தொழில்தான் செய்யறேன்."

ஆபீசர் பேனாவால் மேஜையைத் தட்டினார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "மேடம் வேலை பார்க்கிறீர்களா?" என்றார். அக்கா ஃபேக்டரி பெயரைச் சொல்லிச் சம்பளச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் ஆபீசர் ஒரு காரியம் செய்தார்... பெரிய காரியம் இல்லை. தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அதுவரை சூபேனைப் பார்த்திருந்த நாற்காலி இப்போது மாலா அக்காவைப் பார்த்தது.

"அப்படியென்றால் பிரச்சினை இல்லை. லோன் மேடம் பெயரில். மெஷினும் மேடம் பெயரில். வீடு அடமானம்." பெருக்கல் குறிகள் போட்டுப் பேப்பரை அக்கா பக்கம் நகர்த்தினார்.

ஒரு குடும்பத்தில் யாருக்கு என்ன மதிப்பு என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். பேங்க்காரருக்கு ஐந்து நிமிஷம் போதும்!

மாலா அக்கா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"நோன். மோ பா பு சினியே."

இல்லை, நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சூபேனின் காது மடல் சிவந்தது. ஆபீசர் மின்விசிறியைப் பார்த்தார். நான் ஆபீசரைப் பார்த்தேன். அக்கா, சூபேன், நான் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தோம். குடை இருந்தது. யாரும் விரிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. ஆனால் மாடிப்படிக்கு மட்டும் ஓய்வில்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள்.

சூபேன் சொன்னார்: "இந்த வீட்டோட ஒவ்வொரு கல்லும் நான் மரம் வெட்டிச் சம்பாதிச்சது. இன்னைக்கு நான் யாரோ, அவ சம்பளச் சீட்டுதான் ஆளு. சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். அந்தப் பொடியன் முன்னாடி 'நோன்'னு சொல்லணுமா?"

மாலா அக்கா வேறு மாதிரி சொன்னார். "எங்க பக்கத்து ஃபேக்டரி போன மாசம் மூடிட்டான், தம்பி. முதலாளி பிளேன் ஏறிட்டார். பொண்ணுங்க கேட்ல நிக்குதுங்க. என் சம்பளச் சீட்டு எத்தனை நாளைக்கு? அது நின்னா வீடு போயிடும்."

"அதை அவரிடம் சொல்லலாமே அக்கா?"

"அவர் கேட்டா சொல்லலாம்." என்றார் அக்கா. "மெஷினைப் பார்க்க உங்களைக் கூட்டிட்டுப் போனார். என்னைக் கூட்டிட்டுப் போகலை. கையெழுத்துப் போடறியான்னு அவர் கேட்கலையே, தம்பி... பேங்க்தானே கேட்டுச்சு?"

நான் பொதுவாக அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதில்லை. வாடகைக்கு இருக்கிறவனுக்கு அது நல்லதும் இல்லை. ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுநாள் காலை சூபேனிடம் ஒப்பித்தேன். வேனுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். "பெண்டாட்டிகிட்ட என்ன கேக்கறது?" என்றார். டீசல் வழிந்து ஷூவில் கொட்டியது.

அடுத்த ஞாயிறு கோவிலிலிருந்து வந்ததும், நெற்றியில் விபூதியோடு அக்கா முன்னால் போய் நின்றார்.

"ரோஷ் புவாவுக்கு வர்றியா? வந்து பாரு. பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

"கோரெக்" என்றார் அக்கா. சரி என்று அர்த்தம். புடவை மாற்றாமலே வேனில் ஏறினார். சூபேன் என்னையும் கையைப் பிடித்து இழுத்தார். தனியாகப் போகத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

கிடங்கில் லிம் பழைய பல்லவியை முதலிலிருந்து பாடினார். ஹோஸ், பம்ப், கப்பல். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "ஏன் விக்கிறீங்க?"

"ஓட்ட ஆள் இல்லை மேடம். சில்வியோன்னு ஒருத்தன் நல்லா ஓட்டினான். இப்ப ஹோட்டல் பஸ் ஓட்டறான். பூப்போட்ட சட்டை, டிப்ஸ்... காட்டுக்கு வருவானா?"

அக்கா சூபேனைப் பார்த்தார். சூபேன் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். ஆள் இல்லை என்பதற்காக மெஷின் வாங்கக் கிளம்பிய நாங்கள், மெஷினுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை!

"நானே ஓட்டுவேன்" என்றார் சூபேன்.

"யார் சொல்லித் தருவா?" என்றார் அக்கா.

அங்கே மரக்கட்டைமேல் உட்கார்ந்து பேரம் நடந்தது. பேசியது பெரும்பாலும் அக்காதான். இடையிடையே சூபேன் பக்கம் திரும்பி, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டார். முடிவு இது: சில்வியோவின் லீவு நாட்களில் லிம் அவரை அனுப்பி ஓட்டக் கற்றுக்கொடுப்பார். விலையில் பாதிக்கு மட்டும் பேங்க் லோன், அதுவும் அக்காவின் சம்பளத்தையும் மெஷினையும் வைத்து. வீடு அடமானத்துக்குப் போகாது. மீதிப் பாதியைக் கம்பம் விற்க விற்க லிம்முக்குத் தவணையாகக் கொடுப்பார்கள்.

"அந்தப் பாதிக்கு வட்டி?" என்றார் லிம்.

"மெஷின் இங்க துருப்பிடிச்சு நிக்குதே, அதுக்கு உங்களுக்கு யார் வட்டி தர்றா?"

லிம் வாய்விட்டுச் சிரித்தார். வட்டிப் பேச்சு அதோடு முடிந்தது.

பேங்கில் அக்கா எல்லாப் பக்கத்தையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆபீசர் கொட்டாவியை அடக்கினார். பிறகு அக்கா கணவரைப் பார்த்து, "போடட்டுமா?" என்றார். சூபேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்குச் சரின்னா போடு" என்றார்.

போட்டார்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லையே! லிம் சொன்ன ஹோஸ், லிம் சொன்னபடியே வெடித்தது. தலையிலிருந்து கால்வரை எண்ணெயில் குளித்து, நடுக்காட்டிலிருந்து நடந்து வந்தார் சூபேன். பார்ட் வர மாதக்கணக்கானது. ஹோட்டல்காரர் பாதி ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். பேங்க் தவணை முழுக்க அக்காவின் சம்பளத்திலிருந்து போனது. ஓவர்டைம் பார்த்துக் கட்டினார். சூபேன் மறுபடியும் செயின் சாவைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு பேரோடு காட்டுக்குப் போனார்.

இத்தனைக்கும் அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சூபேனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"திட்டினாக்கூடப் பரவாயில்லை மிஸ்யே. சோறு போட்டுட்டு, ஹோஸ் எப்ப வரும்னு கேக்கறா."

"அக்கவுன்ட்ஸில் இப்படிப்பட்டவரைப் பார்ட்னர் என்பார்கள்" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் யோசித்தார்.

பார்ட் வந்தது. மெஷின் எழுந்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது படுத்துக்கொள்ளும். ஆனால் அதன் இருமல் தும்மலெல்லாம் சூபேனுக்கு அத்துப்படியாகிவிட்டது. லிம்முக்குத் தவணை ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒருநாள் அக்கா பயந்ததே நடந்தது. ஃபேக்டரியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அக்காவும் ஒருவர். மத்தியானமே வீட்டுக்கு வந்தவர், கோட்டைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சூபேன் காட்டிலிருந்து வந்தார். விஷயம் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மாசம் பேங்குக்கு மெஷின் கட்டும்" என்றார்.

கட்டியது. அடுத்த மாதமும். அதற்குப் பிறகு ஆர்டர் பிடிப்பது, விலை பேசுவது, ஹோட்டல்காரர்களிடம் பாக்கி வசூலிப்பது எல்லாம் அக்கா கைக்கு வந்தது. ஹோட்டல்காரர்கள் பாவம்.

நான் ஊர் திரும்புவதற்கு முன் ஒருநாள் காட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெஷினுக்குப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார் சூபேன். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'மாலா'.

"என்ன அண்ணா, அக்கா மேல் இவ்வளவு அன்பா?" என்றேன்.

"அன்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஓனர் பேரை எழுதணும்னு சட்டம் மிஸ்யே."

இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் பூ வரையச் சொல்லி எந்த ஊரிலும் சட்டம் இல்லை!