கொய்யா மரத்துக்கு வந்த பூச்சி

எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிடவில்லை, வரும் போலிருக்கிறது என்றார் டாக்டர். தினமும் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மாத்திரை எழுதித் தரவில்லை. ஐம்பது வயதில் ஒரு நோய் எட்டிப் பார்க்கிறது, அதற்கு ஒரு மாத்திரைக்குக்கூட யோக்கியதை இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

நடப்பது எனக்குப் பிடிக்காது. சோற்றைக் குறைப்பது அதைவிடப் பிடிக்காது. இரண்டையும் செய்யாமல் சர்க்கரையை மட்டும் குறைக்க வழி உண்டா என்று ஹனூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்காவிடம் எல்லா நோய்க்கும் கைவைத்தியம் உண்டு. அவள் வீட்டில் யாராவது தும்மினால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். கைவைத்தியமெல்லாம் போனில், எனக்கு மட்டும்.

"கொய்யா எலை கண்ணு. நல்லாக் கொதிக்க வெச்சு டீயாட்டம் குடி. சக்கர இருந்த எடம் தெரியாது."

"எத்தன எலைக்கா?"

"ஒரு கைப்புடி போடு. எலைதான, வெசமா என்ன?"

கொய்யா இலைக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஓனரம்மா. அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் கொய்யா மரத்தின் ஒரு கிளை எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் தலையில் இடிக்கிற மாதிரி சாய்ந்து கிடக்கும். கேட்டுவிட்டுப் பறித்திருக்கலாம். ஆனால் ஓனரம்மா ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். ஒருமுறை சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டபோது, எந்தச் சுவர், எத்தனை அங்குலம், மாட்டப் போவது எந்தச் சாமி என்று அரை மணி நேரம் விசாரணை நடத்தினார். இலை எதற்கு என்று கேட்டால் சர்க்கரை என்று சொல்ல வேண்டும். சொன்னால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் காலை ஆறு மணிக்குக் கத்தரிக்கோலோடு படியில் இறங்கினேன்.

முதல் நாள் இருபது இலை போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். சமையலறை முழுக்க மழையில் நனைந்த விளக்குமாற்று வாசனை. டம்ளரில் ஊற்றியபோது துருப்பிடித்த குழாயில் வரும் முதல் தண்ணீரின் நிறம். ஒரு வாய் குடித்ததும் நாக்கு மரத்துக் கம்பளியாகிவிட்டது.

என் கணவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். என்னோடு மட்டும்தான் தமிழ் பேசுவார், அதிலும் பாதி கன்னடம்.

"ஏனிது, என்ன இது? செவுத்துக்கு அடிக்கற வார்னிஷா?"

"கொய்யா இலை டீ. உடம்புக்கு நல்லது."

"சரி விடு, நீ மட்டும் ஏன் கஷ்டப்படணும், எனக்கும் ஒரு லோட்டா குடு" என்று வாங்கிக் குடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்காகச் செய்த தியாகங்களில் அதுதான் பெரியது. அது எவ்வளவு பெரியது என்று மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது. பாத்ரூமுக்குள் போனவர் நாற்பது நிமிஷமாக வெளியே வரவில்லை. டாக்டர் என்னை நடக்கச் சொன்ன அதே நாற்பது நிமிஷம். கதவைத் தட்டினேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஏனும் ஆகல, ஒண்ணுமே ஆகல" என்றார் உள்ளேயிருந்து. "அதுதான் ப்ராப்ளம்."

எனக்கும் அதே நிலைதான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அக்காவைக் கூப்பிட்டு, இருபது இலை போட்டதைச் சொன்னேன்.

"இருவது எலையா? அடிப்பாவி! வயித்தால போறவங்களுக்கே நாலு எலைதான் போடுவாங்க. அத நிறுத்தறதுக்குக் குடுக்கறதாச்சே!"

"நீதானக்கா கைப்புடின்ன?"

"என் கை சின்னக் கை கண்ணு."

அதன்பிறகு மாவிலைக்கு மாறிப் பார்த்தேன். நான் வேலை செய்யும் கூரியர் ஆபீஸ் தேவராஜ மொஹல்லாவில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கெட்டுக்குள் போய்ப் பூக்கடையில் தோரணத்துக்குக் கட்டி வைத்திருந்த மாவிலைக் கட்டு ஒன்றை எடுத்தேன்.

"வீட்ல விசேஷமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா, டீ போடறதுக்கு."

அவர் என் முகத்தையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நல்லாக் கழுவிக்கங்க. வாசல்ல கட்டறவங்க யாரும் கழுவறதில்ல, அதனால நாங்களும் கழுவறதில்ல."

மூன்று தண்ணீரில் கழுவினேன். அது முற்றின இலை, தோரணத்துக்குத்தான் லாயக்கு. அந்த டீயைக் குடித்த அன்று முழுக்க, மாங்காய்ப் பால் பட்ட மாதிரி உதடு அரித்துக்கொண்டே இருந்தது. பேசாமல் கொய்யாவுக்கே திரும்பிவிட்டேன். இந்த முறை கொஞ்சம் புத்தியோடு. கொழுந்து இலையாக நாலே நாலு, கையால் கிழித்துப் போட வேண்டும். ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றரை டம்ளராக வற்றியதும் வடிகட்டி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். லேசான பொன் நிறம் வரும். ருசி என்று சொல்ல முடியாது. முகம் சுளிக்காமல் குடிக்கலாம். வயிறும் அதன் போக்கில் வேலை செய்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஃப்ளாஸ்கில் ஊற்றி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். எங்கள் மேனேஜர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். சேலத்துக்காரர், மைசூர் கிளைக்கு மாற்றலாகி வந்தவர், தொப்பைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர்.

"இது தொப்பைக்கும் கேக்குமா மேடம்?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அதுக்கும் நல்லதுதான் சார்" என்றேன். பக்கத்து மேசைப் பெண் முடி கொட்டுவதற்குக் கேட்டாள். அதற்கும் நல்லதுதான் என்றேன். பார்சல் எடை போடுகிறவர் நெஞ்செரிச்சலுக்குக் கேட்டார். அதற்கும்தான். இருபது வருஷமாக ஸ்டாம்ப் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் ஒரே வாரத்தில் மூன்று பேர் வைத்தியம் கேட்கிறார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. தினமும் காலையில் எல்லாருக்கும் சேர்த்து இலை வெட்டி, கிழிந்த கூரியர் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். ஆபீஸிலேயே மின்சாரக் கெட்டிலில் கொதிக்க வைத்தோம்.

ஒரு மாதத்தில் கிளை மொட்டையாகிவிட்டது. அடுத்த கிளைக்கு எட்டிக் கை நீட்ட ஆரம்பித்தேன். அதுவும் பாதி காலியான சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். அவர் பேசுவது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"இங்க வந்து பாரம்மா. மரம் முழுக்க நல்லா இருக்கு. மாடிப்படிப் பக்கம் மட்டும் ஒரு இலை இல்ல. குரங்கா இருக்குமோ?"

ஆமாம், குரங்குதான் என்று ஒத்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். மைசூரில் குரங்கின் மேல் பழி போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என்ன புத்தியோ, அருகில் போய் ஒரு காம்பைப் பிடித்து உற்றுப் பார்த்தேன்.

"குரங்குன்னா காயைத்தானே மேடம் பறிக்கும்? காயெல்லாம் அப்படியே இருக்கே. இது ஏதோ பூச்சி" என்றேன்.

ஓனரம்மாவின் முகம் வாடிவிட்டது. "பூச்சியா! பரவிடுமோ?" என்று அடிமரத்தைத் தடவிப் பார்த்தார்.  நான் மெல்ல மேலே ஏறி வந்துவிட்டேன். இரண்டு நாள் இலை பறிக்காமல் இருந்தேன். அதற்கு மேல் ஆபீசில் பொறுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரத்தில் செடி நர்சரியிலிருந்து ஓர் ஆள் வந்து போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல வெட்டினேன். இலைகள் பளபளவென்று இருந்தன. பனி என்று நினைத்துக்கொண்டேன். அன்று ஆபீசில் போட்ட டீ வழக்கத்தைவிடக் கசந்தது.

"இன்னிக்குத்தான் மேடம் மருந்து மாதிரி இருக்கு" என்று மேனேஜர் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

பதினோரு மணிக்கு என் கணவர் போன் செய்தார். அன்று அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட்.

"ஏய், கீழ ஓனரம்மா சொல்றாங்க, நேத்து சாயங்காலம் மரத்துக்குப் பூச்சி மருந்து அடிச்சாச்சாம். நீ இன்னிக்கு இலை எடுக்கல தானே?"

என் கையில் காலி டம்ளர் இருந்தது. "எடுத்தேங்க. குடிச்சும் ஆச்சு. ஆபீஸ்ல நாலு பேரும் குடிச்சாச்சு."

 "போறதுக்கு முன்னாடி கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டுப் போ, எனக்கு அந்த நம்பர் கொத்தில்ல, தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் இரண்டு கையாலும் தொப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடி கொட்டும் பெண் அழ ஆரம்பித்தாள். நெஞ்செரிச்சல்காரருக்கு உடனே நெஞ்செரிந்தது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் ஆஸ்பத்திரியில் ஏதாவது சொல்ல முடியும். அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் ஓனரம்மா. நம்பரை அழுத்தினேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மேடம், மரத்துக்கு என்ன மருந்து அடிச்சாங்க?"

"ஏன்?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா தெரிஞ்சுக்க ஆபீஸ்லேருந்து போன் பண்ணுவியா? என்ன விஷயம் சொல்லு."

எந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. "அந்தப் பூச்சி நான்தான் மேடம்" என்றேன்.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில் அவர், "வேப்பெண்ணெய். சோப்புத் தண்ணியில கலந்து அடிச்சார். என் மரத்துக்கு நான் விஷம் அடிக்க விடுவேனா?" என்றார். "நிறையத் தண்ணி குடிங்க. சாயங்காலம் நேரா கீழ வா."

வேப்பெண்ணெய் என்றதும் மேனேஜர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டருக்கும் போன் செய்தேன். அவரும் தண்ணீர் குடிக்கச் சொன்னார், வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னார். பிறகு, "நான் நடக்கத்தானே சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. என் கணவர். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார், ஹெல்மெட் இல்லை, கையில் ஒரு பாட்டில் மோர். சிலிண்டரைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அந்த மார்க்கெட் கூட்டத்தில் எப்படித்தான் ஓட்டி வந்தாரோ.

"உசிரோடதான் இருக்கியா?" என்றார்.

"வேப்பெண்ணெயாம்."

"எனக்கு இந்த டீ வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி, அந்த மோரைத் தானே குடித்தார். பாதி மோர் சட்டையில் வழிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாயங்காலம் ஓனரம்மா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"இலை எடுத்தது பெரிசில்ல. பக்கத்துல வந்து நின்னு பூச்சின்னு சொன்னியே! நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல, மரம் போயிடும்னு. அந்த வயசான நர்சரி ஆளை மரத்து மேல ஏத்தினேன்."

அதுவரை எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? ஏன் கேக்கல?"

"எனக்குச் சக்கரைன்னு தெரிஞ்சா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவீங்கன்னு பயம் மேடம்."

ஓனரம்மா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"சொல்லியிருப்பேன்" என்றார்.

யார் முதலில் சிரித்தோம் என்று நினைவில்லை. தண்டனை உண்டு என்று பிறகு சொன்னார். மழை வரும்வரை தினமும் காலையில் மரத்துக்கு நாலு குடம் தண்ணீர் நான்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். மழைக்கு முன்பே மொட்டைக் கிளையில் செம்பழுப்பாகத் துளிர் விட்டது. அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது, "தொடாம பாரு" என்றார்.

ஆபீசில் என் வைத்தியம் அன்றோடு முடிந்தது. மேனேஜர் இப்போது பப்பாளி இலைக்குப் போய்விட்டார். அதை எப்படிக் குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தபோது அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. குடம் தூக்கியதாலா, பயத்தில் சோற்றைக் குறைத்ததாலா, இலையாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் அந்த டீயைப் போடுகிறேன். முந்தின நாளே கீழே போய்க் கேட்டுவிடுவேன். ஓனரம்மா எண்ணி நாலு இலை தருவார், கூடவே சந்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்ற விவரமும் தருவார். நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே வர வேண்டும்.